நாலு வயலும் ஒரு சராசரியும்



புள்ளியியல் என்றாலே நம்மில் பலருக்கு மார்க் வாங்குவதற்கான பாடம், அவ்வளவுதான். ஃபார்முலாவை மனப்பாடம் செய்தோமா, பரீட்சையில் எழுதினோமா, மறந்தோமா என்று போய்விடுகிறோம். ஆனால் அதில் வரும் 'நம்பிக்கை இடைவெளி' என்ற கணக்கு, வையம்பட்டி விவசாயிக்கு நஷ்டஈடு கிடைக்குமா கிடைக்காதா என்பதோடு சம்பந்தப்பட்டது!

2016-ல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. கிராமத்தை ஓர் அலகாக எடுத்தால், முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அதில் விதி வகுத்தார்கள். நெல் என்றால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்தச் சராசரிதான் ஊருக்கே விளைச்சல் என்று அப்போது எடுத்துக்கொள்ளப்பட்டது!

"நம்ம வயல்ல யாரும் அறுத்துப் பாக்கலியே, அப்புறம் எப்படிப்பா நம்ம விளைச்சல் தெரியும்?" என்று என் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதானே?

மாதிரி எடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா வயலையும் அளக்க யாராலும் முடியாது. மகலனோபிஸ், சுகாத்மே போன்ற நம் நாட்டு மேதைகள் 1940-களில் வளர்த்த முறை இது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் பானைச் சோறு ஒரே கொதியில் வேகிறது. ஊர் வயல்கள் அப்படியா?

ஒரு பேச்சுக்கு, நாலு இடத்து எடை 8, 10, 12, 14 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 11. திட்ட விலக்கம் 2.58. அதை 4-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 1.29. t அட்டவணையில் 95 சதவீதத்துக்கு 3.18. பெருக்கினால் 4.1. ஆக, இடைவெளி 6.9 முதல் 15.1 வரை!

இதற்கு 95 சதவீத வயல்கள் இதற்குள் இருக்கும் என்று அர்த்தமில்லை. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், நூற்றுக்குச் சுமார் 95 தடவை உண்மையான சராசரி நாம் போடும் இடைவெளிக்குள் அகப்படும் என்பதே அர்த்தம்.

இப்போது நிர்ணய விளைச்சல் 10 கிலோ என்றால்? 11 வந்துவிட்டது, நஷ்டஈடு கிடையாது. உண்மையில் ஊர்ச் சராசரி 9 ஆக இருந்திருந்தால்? அந்தச் சந்தேகத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. இதே விலக்கத்தோடு 16 இடத்தில் அறுத்தால், பிழை 1.4 கிலோவாகக் குறைந்துவிடும்.

காவிரி பாயும் ஸ்ரீரங்கம் பக்கம் வயலுக்கு வயல் வித்தியாசம் குறைவாக இருக்கலாம். நம்ம வையம்பட்டி வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறவன் வயல் ஒரு மாதிரி, வற்றியவன் வயல் வேறு மாதிரி. வித்தியாசம் அதிகமான இடத்தில் மாதிரியும் அதிகம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே நாலு என்பது சமத்துவம் போலத் தெரியும், சமத்துவம் ஆகாது!

என் கருத்து இதுதான். சராசரியை அறிவிக்கும்போது, கூட எத்தனை குறைய எத்தனை என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். இடைவெளி அகலமான ஊரில் இன்னும் சில வயல்களை அறுக்க வேண்டும்.

t அட்டவணைக்கு 1908-ல் அடித்தளமிட்ட காசெட் என்பவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஸ்டூடண்ட்'. மாணவன்! மாணவர்களாகிய நாமும் இந்தக் கணக்கைப் பரீட்சைப் பேப்பரோடு விட்டுவிடாமல், அவரவர் ஊர் வரப்பு வரைக்கும் கொண்டுபோவோம் தோழர்களே!