‘சேர்ந்தே வரும்’: கார் விலைத்தாளில் மறையும் எழுவாய்

புதிய கார் வாங்கப் போகிறவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: பேசத் தெரிந்தவருக்குக் குறையும். மாதக் கடைசியில் போக வேண்டும், ஆசையை முகத்தில் காட்டக் கூடாது, எழுந்து போவதுபோல் நடிக்க வேண்டும். கல்விக்கூடங்களின் ஆசிரியர் அறைகளிலும் இதே பாடம்தான். பேராசிரியர் இருபதாயிரம் குறைத்து வாங்கினால் அது அவருடைய சாமர்த்தியம். அதே துறையின் அலுவலக உதவியாளர் அதே வண்டியைக் கூடுதல் விலைக்கு வாங்கினால் அது அவருடைய வெகுளித்தனம். இந்த அறிவுரை தவறானது; அத்தோடு அநீதிக்குத் துணை போவதும்கூட. நியாய விலை என்பது நாவன்மைக்குக் கிடைக்கும் பரிசு அன்று. அதைப் பரிசாக எண்ணும்வரை, விலையை மறைக்கும் உரிமையை விற்பவருக்கு நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

பெங்களூரின் ஜோகுபாளையத்தில், அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடைப்பட்ட அந்த நெருக்கமான தெருக்களில், ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யலாம். கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், படிவங்களில் மட்டும் ஆங்கிலம். முதல் கார் வாங்கப் போகிறார்கள். நான்கு மீட்டருக்கு உட்பட்ட காம்பாக்ட் எஸ்யூவி. ஷோரூமில் அவர்களை வரவேற்கும் இளைஞரும் தமிழரே. அவர் மரியாதையாகத்தான் பேசுவார்: “சார், இன்சூரன்ஸ் இதோட சேர்ந்தே வரும். ரோடு டேக்ஸ் இவ்ளோ ஆகும். ஹேண்ட்லிங் பத்தாயிரம் ஆகும் மேடம். வண்டி கிட்டோடதான் வரும்.”

இந்த நான்கு வாக்கியங்களையும் இலக்கண மாணவர் ஒருவர் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் தன்வினை. காப்பீடு தானாக வந்து சேர்கிறது. கட்டணம் தானாக ஆகிறது. ‘சேர்க்கிறோம்’ என்ற பிறவினை எங்கும் இல்லை; ஆகவே சேர்ப்பவர் யார் என்ற கேள்வியும் எழுவதில்லை. இன்னும் கூர்ந்து நோக்கினால், சட்டம் விதிக்கும் சாலை வரியும் ‘ஆகும்’. கடை விதிக்கும் கையாளுதல் கட்டணமும் ‘ஆகும்’. மீற முடியாத ஒன்றும் மறுக்கக்கூடிய ஒன்றும் ஒரே வினைமுற்றை அணிந்து அருகருகே நிற்கின்றன. ‘ஆன்-ரோடு விலை’ என்ற ஒற்றைத் தொகை இந்தக் கலப்பின் கூட்டல் வடிவம். பேரம் பேசுபவர் அந்தத் தொகையோடு மல்லுக்கட்டுகிறார். அதை உருவாக்கிய வாக்கியங்களை விட்டுவிடுகிறார்.

தொகையைப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் கேட்டால் நிலைமை மாறிவிடும். கர்நாடகத்தில் காருக்கான வாழ்நாள் வரியை அரசு விதிக்கிறது: 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 14 விழுக்காடு, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 17 விழுக்காடு, அதன்மேல் செஸ் தனி. இதில் பேச எதுவும் இல்லை. சொந்த உபயோகக் காருக்கான பதிவுக் கட்டணம் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 600 ரூபாய். கடனில் வாங்கினால் அடமானப் பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற தலைப்பில் பல ஆயிரங்கள் எழுதப்பட்டிருந்தால், மீதி யாருக்கு என்று கேட்கலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 விழுக்காடு டிசிஎஸ் பிடிக்கப்படும். அது செலவு அன்று. வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளத்தக்கது. அதைச் சொல்லாமல் விலையோடு கூட்டிக் காட்டுவது பாதி உண்மை.

காப்பீட்டுக்கு வருவோம். உச்ச நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு 3 ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசு அறிவிக்கிறது: 2022 ஜூனில் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 சிசி வரையிலான காருக்கு 6,521 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கட்டாயம் என்பது இவ்வளவுதான். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டின் விலை 2007 முதல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறக்கூடியது. தம்மிடம்தான் எடுக்க வேண்டும் என்று விற்பனையாளர் வற்புறுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017இல் வகுத்த வழிகாட்டு நெறி. ஆக, ‘சேர்ந்தே வரும்’ என்ற வாக்கியம் இலக்கணப்படி பிழையற்றது, பொருளளவில் பொய்.

கையாளுதல் கட்டணத்தை எந்த வரிச் சட்டமும் விதிக்கவில்லை. கிடங்கிலிருந்து கடைக்கு வண்டியைக் கொண்டுவருவது விற்பவரின் தொழிற்செலவு. மிதியடி, மட்ஃபிளாப், பாலிஷ் அடங்கிய ‘கிட்’டும் அப்படித்தான், வேண்டுமென்றால் வாங்கலாம். ஒரு பொருளை விற்க இன்னொன்றை வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்ற வகையில் வைக்கிறது. இந்த வரிகளை அடித்துவிடக் கோருவது பேரமே அன்று. அது பிழை திருத்தம்.

எண்களும் எழுவாயை மறைக்க உதவுகின்றன. ‘இன்னும் நாற்பதாயிரம்தான், மேல் வேரியன்ட்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்-ஷோரூம் விலை 9,80,000 என்றால் 14 விழுக்காட்டில் வாழ்நாள் வரி 1,37,200 ரூபாய். அதுவே 10,20,000 ஆனால் 17 விழுக்காட்டில் 1,73,400 ரூபாய். நாற்பதாயிரம் என்று சொன்னது 76,200 ஆகிவிட்டது. செஸ்ஸும் டிசிஎஸ்ஸும் இதில் சேரவில்லை. கடனின் மாதத் தவணையில் இது இன்னும் நன்றாக ஒளிந்துகொள்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கட்டணத்தை 9 விழுக்காட்டு வட்டியில் 7 ஆண்டுக் கடனோடு சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 161 ரூபாய்தான். 161 ரூபாய்க்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். ஆனால் 84 மாத முடிவில் கொடுத்தது சுமார் 13,500.

‘தள்ளுபடி’ என்ற சொல்லையும் சோதிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று, 1200 சிசிக்கு மிகாத, நான்கு மீட்டருக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கான வரி, செஸ்ஸும் சேர்த்து 29 விழுக்காடாக இருந்தது 18 விழுக்காடாகக் குறைந்தது. பத்து லட்சம் விலையில் இதனால் மட்டும் ஏறத்தாழ 85,000 ரூபாய் குறைய வேண்டும். அது அரசு விட்டுக்கொடுத்த வருவாய்; அதைத் தம் தள்ளுபடியாகக் காட்டிக்கொள்ள எந்த விற்பனையாளருக்கும் உரிமை இல்லை. எல்லா காம்பாக்ட் எஸ்யூவிக்கும் இந்த விகிதம் பொருந்தாது என்பதும் கவனத்துக்குரியது: நான்கு மீட்டருக்குள் அடங்கினாலும் 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட பிரெஸ்ஸா 40 விழுக்காட்டுப் பிரிவில் வருகிறது. அதேபோல், கடந்த ஆண்டு தயாரான வண்டியை ஜனவரியில் குறைத்துக் கொடுப்பது சலுகை அன்று. மறுவிற்பனையில் வாங்குபவர் இழக்கப்போவதற்கான ஈடு. பழைய வண்டியின் மதிப்பைக் குறைத்துவிட்டு ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ கொடுப்பதோ வலக்கையில் எடுத்து இடக்கையில் தருவது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு பேசினால் குறையும்தானே, அதுதானே சாமர்த்தியம் என்று கேட்கப்படலாம். இங்கேதான் ஒரு பழைய ஆய்வை நினைவுகூர வேண்டியிருக்கிறது. சட்ட அறிஞர் இயன் அயர்ஸ் சிகாகோ வட்டாரத்தில் நடத்திய களச் சோதனை 1991இல் ஹார்வர்டு சட்ட ஆய்விதழில் வெளிவந்தது. சோதனையாளர்கள் ஒரே பேர உத்தியை, ஒரே வகையான வாக்கியங்களைப் பயிற்சி பெற்றுச் சென்றார்கள். விற்பனையாளர்கள் சொன்ன விலை மட்டும் ஒன்றாக இல்லை. வெள்ளையின ஆண்களிடம் கேட்ட இலாபத்தைவிட வெள்ளையினப் பெண்களிடம் 40 விழுக்காடு கூடுதல். கறுப்பின ஆண்களிடம் இரு மடங்குக்கு மேல். கறுப்பினப் பெண்களிடம் மும்மடங்குக்கு மேல். பேசியது ஒரே பேச்சு. விலை, பேசியவரைப் பார்த்து வந்தது. நம்முடைய சாதி, வர்க்கம், உச்சரிப்பு, உடை ஆகியவற்றோடு இதைப் பொருத்திப் பார்க்கத் தயங்குபவர், தம் ஆங்கிலம் தமக்கு எத்தனை ஆயிரம் மிச்சப்படுத்தியது என்று ஒருமுறையாவது கணக்கிட வேண்டும்.

சாமர்த்தியம் எட்டாத இன்னொரு சுவரும் உண்டு. அது ஷோரூமுக்குப் பின்னால் எழுப்பப்பட்டது. 2021 ஆகஸ்ட் 23 அன்று இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அனுமதித்த அளவைத் தாண்டி விற்பனை முகவர்கள் தள்ளுபடி தரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அது நடத்திவந்தது என்பது ஆணையத்தின் முடிவு. வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். கூடுதல் தள்ளுபடி கொடுத்து அகப்பட்டால் முகவருக்கு மட்டுமன்றி ஊழியர்களுக்கும் தண்டம் என்று ஆணையம் பதிவு செய்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஹூண்டாய்க்கு 2017இல் ஆணையம் விதித்த 87 கோடி அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018இல் ரத்து செய்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டப் போக்கு எதுவாயினும், ஆணையம் வரைந்த அந்தக் காட்சி சிந்திக்க வைக்கிறது: எதிரில் இருப்பவர் வாடிக்கையாளரா வேவுகாரரா என்று அறியாமல் விலை சொல்லும் ஊழியர். அவரிடம் கெட்டிக்காரத்தனம் காட்டி வெல்வது என்ன வெற்றி?

இரண்டு மறுப்புகள் எதிர்பார்க்கத்தக்கவை. பேரம் நம் பண்பாடு என்பது முதலாவது. அல்சூர் சந்தையில் கீரைக்கட்டுக்குப் பேசுவது பண்பாடுதான். அங்கே பக்கத்துக் கூடையின் விலை காதில் விழுகிறது; வாங்குபவர் நேற்றும் வாங்கியவர்; விற்பவரும் வாங்குபவரும் ஏறக்குறைய ஒரே அளவு அறிந்தவர்கள். வாழ்நாளில் இரண்டு மூன்று முறை கார் வாங்குபவரை, நாள்தோறும் விற்பவர் எதிர்கொள்வது அந்தச் சந்தை அன்று. முகவர்களின் இலாப விகிதம் மெலிது என்பது இரண்டாவது மறுப்பு. உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் அவர்கள் வழக்காட வேண்டியது உற்பத்தியாளரோடு. விடுபட்ட இலாபத்தை அச்சகத் தொழிலாளியின் விலைத்தாளில் எழுவாய் இல்லாத வாக்கியமாக எழுதுவது தீர்வு ஆகாது.

தீர்வு, எல்லாருக்கும் ஒரே விலையை உற்பத்தியாளர் திணிப்பதும் அன்று. போட்டி ஆணையம் தண்டித்தது அதைத்தான். அமெரிக்கா 1958இலேயே ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலை விவரச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஆயினும் சிகாகோவில் வேற்றுமை நிகழ்ந்தது. ஏனெனில் அந்தச் சீட்டு உற்பத்தியாளரின் பரிந்துரை விலையைத்தான் சொல்லும். பேசி முடிக்கும் விலை மேசைக்கடியில் இருந்தது. ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும்: ஒவ்வொரு முகவரும் தமது இறுதி விலையை, பேச்சு தொடங்கும் முன்பே, பிரித்து எழுதிக் காட்ட வேண்டும், வருபவர் யாராயினும் அன்றைக்கு அதே விலை, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பணம் யாருக்குப் போகிறது, அது கட்டாயமா விருப்பமா என்ற குறிப்பு, அது கன்னடத்திலும் வாங்குபவர் படிக்கக்கூடிய மொழியிலும். முகவருக்கு முகவர் விலை மாறட்டும். அதற்குப் பெயர்தான் போட்டி.

ஜோகுபாளையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், அல்சூர் ஏரியருகே, பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை நிற்கிறது. வணிகருக்கு அறம் சொல்லும் குறளை அவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். விலை என்பது திறமையின் துறையைச் சேர்ந்ததா, நீதியின் துறையைச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு அந்த அதிகார வைப்பே ஒரு விடை.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது மொழி படித்தவர்களுக்கு எளிது. அடுத்த முறை துறையின் அலுவலக உதவியாளரோ விடுதிச் சமையற்காரரோ கார் வாங்கப் போவதாகச் சொன்னால், பேர உத்திகளைக் கற்பிக்க வேண்டாம். அவரோடு அமர்ந்து மூன்று ஷோரூம்களுக்கு மின்னஞ்சல் எழுதலாம். பிரித்து எழுதிய விலைத்தாளைக் கேட்கலாம். காப்பீட்டுக்குத் தனியாக விலை பெறலாம். தயாரிப்பு மாதத்தைக் கேட்கலாம். இவை எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லலாம். பிறகு விலைத்தாளை விரித்து, ‘ஆகும்’ என்று நிற்கும் ஒவ்வொரு வரியின் முன்னும் ஒரு பெயரை எழுத வேண்டும். பெயர் எழுத முடியாத வரிக்குப் பணம் தர வேண்டியதில்லை.