"நைட் ஷிப்ட் பழகிடும்"னு சொல்லாதீங்க!

1/ கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள்ல வாராவாரம் ஷிப்ட் மாறி வேலை பார்க்கிற தம்பிகள் ஓபிக்கு வந்து சொல்றது: "தூக்கமே வரல டாக்டர்." அவங்களுக்கு மேலதிகாரி தர்ற பதில்: "போகப் போகப் பழகிடும்."

பழகாது மக்களே.

2/ மூளையின் ஹைப்போதலாமஸில் ஒரு கடிகாரம் இருக்கு. தூக்கம், ஹார்மோன், செரிமானம் எல்லாத்துக்கும் நேரம் குறிப்பது அதுதான். ஒரு நாளைக்கு சுமார் ஒரு மணி நேரம்தான் அது நகரும். நைட் முடிஞ்சு வீட்டுக்குப் போகும்போது கண்ணில் படுற காலை வெயில், அதைத் திரும்பப் பகலுக்கே இழுத்துடும். அதுக்குள்ள அடுத்த ஷிப்ட்!

3/ இந்தக் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லேயே வகைப்படுத்திவிட்டது.

4/ மாத்திரை நான் எழுதித் தரலாம். ஷிப்ட் அட்டவணையை நிர்வாகம்தான் திருத்தணும். காலை, மதியம், இரவுன்னு முன்னோக்கிச் சுத்துங்க. நைட் முடிஞ்சா ரெண்டு நாள் ஓய்வு கொடுங்க. கோளாறு உங்க அட்டவணையில. அவங்க உடம்புல இல்ல.