விடியவிடிய ஒலித்த நாயனம்

சீர்காழித் தெருக்களில் ஓரிரவு முழுதும் நாயனத்தின் பின்னே நடந்தேன். மேழத் (சித்திரைத்) திங்கள். சட்டைநாதர் கோயில் விழா. மல்லாரியோடு புறப்பட்ட குழல்வல்லார், தெருமுனையில் ஊர்தி நின்றதும் தோடியை எடுத்தார். தவில்கள் இரண்டும் ஓய்ந்திருந்தன. அவரோ சீவாளியை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டே இருந்தார். நுழைவுச்சீட்டு இல்லை, இருக்கை இல்லை. கடையடைத்துவிட்டு வந்தவரும், உறங்கும் குழந்தையைத் தோளிற் சுமந்தவரும் அசையாது நின்றனர். திருவாவடுதுறை இராசரத்தினம் (1898–1956) ஊதிய இரவுகளை முதியோர் ஏன் இன்னும் பேசுகின்றனர் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

பண் முடிந்தது, பாட்டு வந்தது. வந்தவை யாவும் தெலுங்கு!

குழலுக்கேது மொழி என்பீர். சொல்லை நெஞ்சிற் பாடியன்றோ வல்லார் துளையில் விரல் வைக்கிறார்! முத்துத்தாண்டவர் பிறந்த ஊர் இது. அவர் குடியே நாயனக்குடி என்பது மரபு. அருணாசலக் கவிராயர் (1711–1779) வாழ்ந்து இராம நாடகம் பாடியதும் இங்கேதான். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தும், இவ்வூர்த் தெருவில் இந்நிலை.

விடியலில் முதியவர் ஒருவர் முத்துத்தாண்டவர் பாட்டொன்று கேட்டார். வல்லார் தலைகுனிந்தார்: “எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை, ஐயா.”

குற்றம் அவருடையதன்று. விழாக் குழுவினரே, வரும் ஆண்டு முன்பணம் கொடுக்கும்போதே வேண்டும் பாட்டுகளின் பட்டியலையும் கையில் கொடுங்கள். பயில்வதற்கு மூன்று திங்கள் இடைவெளியும் கொடுங்கள்.