பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள்



"எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிப் புத்தகம் ஏதாவது உண்டா?" என்று கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. பல ஊர்களுக்குப் புத்தகம் கிடையாது. ஆனால் முனைவர் பட்டத்துக்காக யாரோ ஒருவர் அங்கே போய், பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய ஆய்வேடு இருக்கக்கூடும்.

முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியையும் தர வேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. அப்படிச் சேரும் ஆய்வேடுகளைக் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் 'சோத்கங்கா' தளத்தில் வைத்திருக்கிறது. நாம் காசு கொடுக்காமல் படிக்கலாம். மதுரை காமராசர், பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார் என்று நம் பல்கலைக்கழகங்களும் அதில் உண்டு.

தேடுவதில்தான் கொஞ்சம் சிரமம். தமிழில் எழுதிய ஆய்வேட்டுக்கும் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பார்கள். 'தாலாட்டு' என்பதை ஒருவர் 'எச்' சேர்த்து எழுதியிருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். உள்ளே இருப்பது ஸ்கேன் செய்த பக்கமாகவோ பழைய எழுத்துருவாகவோ இருந்தால், தமிழில் தட்டச்சு செய்து தேடினாலும் அகப்படாது. அதனால் பல்கலைக்கழகத்தைத் திறந்து, துறைக்குள் போய், பட்டியலை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரு நல்ல ஆய்வேடு கிடைத்துவிட்டால் நெறியாளர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஆய்வு செய்த மற்றவர்களும் அதே வட்டாரத்தை எழுதியிருக்கலாம்.

திறந்ததும் முதல் இயலுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு இயலும் தனித்தனிக் கோப்பாக இருக்கும்; கடைசிக்குப் போய்ப் பின்னிணைப்பைத் திறங்கள். களப்பணியில் சேகரித்த பாடல்கள், கதைகள், தகவலாளிகளின் பெயரும் வயதும் ஊரும், சில ஆய்வேடுகளில் புகைப்படங்களும் அங்கேதான் இருக்கின்றன. முன்பகுதியில் கோட்பாட்டுச் சுமையால் தள்ளாடும் ஆய்வேடுகூடப் பின்னிணைப்பில் நிமிர்ந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். (நன்றியுரையையும் விட்டுவிடாதீர்கள். சோறு போட்ட வீடுகளின் பெயர் வரை சிலர் எழுதியிருப்பார்கள்.)

எல்லா ஆய்வேடும் தரமானதல்ல. முந்தையதைப் பார்த்து எழுதியவையும் உண்டு. ஆண்டுகளையும் கல்வெட்டுச் செய்திகளையும் இன்னொரு இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரைப் பற்றி ஏதேனும் அகப்பட்டால் எங்களுக்கு எழுதுங்கள். ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்