ஒப்புமை உறவாகுமா? – வெல்சு, பர்மிய மொழிகளை முன்வைத்து ஒரு மறுப்பு

முன்னுரை

ஏதேனும் ஓர் அயல்மொழியை எடுத்துக்கொண்டு, அதில் தமிழ்ச் சொற்களை ஒத்தொலிக்கும் பத்து இருபது சொற்களைப் பட்டியலிட்டு, இரண்டு மூன்று இலக்கணக் கூறுகளையும் உடன்சேர்த்து, 'இது தமிழின் இனமொழி' என முடிவுரைக்கும் கட்டுரைகள் கருத்தரங்கத் தொகுதிகளில் மலிந்துள்ளன. ஆய்வேடுகளும் இப்போக்கிற்கு விலக்கல்ல. இம்முறையின் தகுதியை அறிய, தமிழ்ப்பற்று குறுக்கிடாத ஓரிடத்தில் அதனைச் செலுத்திப் பார்ப்பதே நேரிய வழியாகும். வெல்சு மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டிக் கிளையைச் சார்ந்தது. பர்மியம் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சார்ந்தது. இவ்விரண்டையும் உறவுமொழிகளாக மொழிநூலார் கொள்வதில்லை. ஆனால் நம்மவர் கையாளும் முறையைக் கொண்டு அவற்றை உடன்பிறப்புகள் என்று எளிதில் 'நிறுவி'விடலாம்.

மேலோட்ட ஒப்புமைகள்

மூன்று ஒப்புமைகள் உடனே கண்ணிற்படும். முதலாவது, இரு மொழிகளிலும் சொல்லின் முதல் மெய் முன்நிற்கும் சொல்லுக்கேற்பத் திரிகிறது. இரண்டாவது, மூச்சுக்காற்று மட்டும் வெளிப்பட ஒலிக்கும் ஒலிப்பிலா மூக்கொலிகளும் ஒலிப்பிலா லகரமும் இரண்டிலும் உள்ளன. மூன்றாவது, நாநுனியைப் பற்களிடையே வைத்து உரசி ஒலிக்கும் உரசொலி இரண்டிலும் உண்டு. இவை உலக மொழிகள் பலவற்றில் காணக்கிடைக்காத ஒலிகள். எனவே பட்டியல் ஆய்வாளர்க்கு இவையே போதிய சான்றாகிவிடும்.

வெல்சு வினையைத் தொடரின் முதலில் வைக்கிறது. பர்மியம் இறுதியில் வைக்கிறது. பர்மியத்தில் தொனி பொருளை வேறுபடுத்துகிறது, வெல்சில் அவ்வாறில்லை. வெல்சு வினை இடமும் எண்ணும் காட்டும் விகுதி பெறும்; பர்மிய வினை பெறாது. ஒத்தவற்றை மட்டும் எண்ணி, ஒவ்வாதவற்றை எண்ணாது விடும் பட்டியலில் இவற்றுக்கு இடமிராது.

வேறுபட்ட வரலாறுகள்

ஒத்துத் தோன்றும் அம்மூன்று கூறுகளின் பிறப்பை ஆராய்ந்தால் உறவு என்னும் தோற்றம் கலைந்துபோகிறது. வெல்சில் 'காத்' என்பது பூனை. 'அவன் பூனை' என்னுமிடத்து அதன் முதல் ககரம் ஒலிப்புடையதாகும். 'அவள் பூனை' என்னுமிடத்து உரசொலியாகும். 'என் பூனை' என்னுமிடத்து மூக்கொலியாகும். 'அவனுடைய', 'அவளுடைய' என்னும் பொருள்களுக்கு எழுத்தில் ஒரே சொல்தான் உண்டு. ஆண்பாலா பெண்பாலா என்பதை அடுத்து வரும் மெய்யின் திரிபே உணர்த்துகிறது. தொல்வடிவில் ஆண்பாற்சொல் உயிரிலும், பெண்பாற்சொல் ஸகரத்திலும் முடிந்தன. அவ்வீறுகள் தேய்ந்து மறைந்தன. அவை விளைத்த திரிபு மட்டும் எஞ்சி இலக்கணமாயிற்று.

பர்மியத் திரிபோ ஒலிச்சூழல் ஒன்றையே பற்றியது. 'தெ' என்னும் வினைமுடிபு, 'நன்று' எனப் பொருள்படும் தொடரில் மூக்குச் சாயல் பெற்ற அசையை அடுத்து வருவதால் ஒலிப்புடையதாகிறது. 'ஆம்' எனப் பொருள்படும் தொடரில் குரல்வளை அடைப்பொலியில் முடியும் அசையை அடுத்து வருவதால் ஒலிப்பின்றி நிற்கிறது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. பால் முதலிய இலக்கணப் பொருள் எதனையும் இத்திரிபு சுட்டுவதில்லை.

ஒலிப்பிலா மூக்கொலிகளும் அத்தகையனவே. வெல்சில் அவை மூக்கொலியும் வல்லொலியும் இணைந்த இணைப்பிலிருந்து தோன்றியவை. பர்மியத்தில் அவற்றோடு ஒலிப்பிலா லகரமும் பெரும்பாலும் பழைய ஸகர முன்னொட்டின் எச்சமாகும். 'விடுபடு' என்னும் தன்வினை ஒலிப்புடை லகரத்தாலும், 'விடுவி' என்னும் பிறவினை ஒலிப்பிலா லகரத்தாலும் தொடங்குதல் இதற்குச் சான்று. பல்லிடை உரசொலியும் பர்மியத்தில் ஸகரத்தின் திரிபே. மூன்று என்னும் எண்ணுப்பெயரைப் பர்மியர் இன்றும் ஸகர எழுத்தால் எழுதி உரசொலியால் ஒலிக்கின்றனர். திபெத்தியத்தில் அது 'சும்' என ஸகர ஒலியோடே நிற்கிறது. வெல்சில் அவ்வுரசொலி தகரத்தின் வழிவந்தது. வெவ்வேறு வழிகளில் வந்த ஒலிகள் ஓரிடத்தில் சந்தித்தன என்பதற்கு மேல் இவ்வொப்புமைகட்குப் பொருளில்லை.

உண்மை உறவின் இயல்பு

உறவுடைய சொற்கள் ஒத்தொலிக்க வேண்டும் என்னும் நியதியும் இல்லை. இலத்தீனில் நான்கு 'குவாத்துவோர்', ஐந்து 'குவின்குவே', யார் 'குவிஸ்'. வெல்சில் இவை முறையே 'பெத்வார்', 'பிம்ப்', 'புய்'. செவிக்கு இவை தொடர்பற்றவை. ஆயினும் இலத்தீனின் 'குவ' வருமிடத்து வெல்சில் பகரமும், அயரிஷ் மொழியில் ககரமும் வரும் ஒழுங்கு இவற்றின் உறவை நிறுவுகிறது. தமிழில் 'பால்', 'பல்' என்பன கன்னடத்தில் 'ஹாலு', 'ஹல்லு' என வருவதும், 'செவி' 'கிவி' என வருவதும் இத்தகைய ஒழுங்கே.

1816இல் எல்லிசு தென்னிந்திய மொழிகளின் உறவை எடுத்துரைத்தார். 1856இல் கால்டுவெல் அதனை விரிவாக நிறுவினார். அதே கால்டுவெல் திராவிடத்தைச் 'சித்திய' மொழிகளோடு இணைத்த கருத்து நிலைபெறவில்லை. ஒலியொழுங்கில் ஊன்றிய பகுதி நின்றது. பொதுவான அமைப்பொப்புமையில் ஊன்றிய பகுதி வீழ்ந்தது. ஒரே அறிஞரின் ஒரே நூலில் இவ்விரு முடிவுகளும் அமைந்திருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது.

மறுமொழி

'ஒலியொழுங்கு என்பது மேலைநாட்டார் வகுத்த அளவுகோல். தமிழுக்கு அது பொருந்தாது' என்பர் சிலர். திரிபினைச் சூழல் காட்டி விதியாக்கும் நெறி தொல்காப்பியப் புணரியலிலேயே உள்ளது. வேற்றுமையில் 'நாய்க்கால்' என மிகுவதும், அல்வழியில் 'நாய் கடிது' என இயல்பாவதும் இலக்கணத்தைச் சார்ந்த புணர்ச்சி. இது வெல்சை நினைவூட்டும். 'அகல்' என்னும் சொல்லின் ககரம் எழுத்து மாறாமலே ஒலிப்புடையதாவது பர்மியத்தை நினைவூட்டும். பட்டியல் முறைப்படி தமிழ் இவ்விரு மொழிகட்கும் உடன்பிறப்பாதல் வேண்டும்! அதனை ஏற்க எவரும் முன்வாரார். எனில், அதே முறையால் பிறமொழிகட்குக் காட்டும் உறவை மட்டும் ஏற்பது எங்ஙனம்?

பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலைக் குறிப்பிடுகிறது. தமிழ் வணிகர் பர்மாவில் வாழ்ந்தமைக்கு அது மறுக்கவொண்ணாச் சான்று. அவ்வரலாற்றுத் தொடர்பை மொழியுறவாகத் திரித்துரைப்பது கல்வெட்டின் பெருமையையே குறைப்பதாகும்.

முடிவுரை

2004இல் நடுவண் அரசு தமிழைச் செம்மொழியாக ஏற்றது தமிழின் தொன்மையும் தனித்த இலக்கிய மரபும் கருதியே. தொலைதூர மொழிகளுக்குத் தமிழைத் தாயாக்கிய பட்டியல்களால் அன்று. அத்தகைய பட்டியல்கள், தமிழாய்வில் உள்ள நல்ல முடிவுகளையும் பிறர் ஐயுறச் செய்கின்றன. ஆதலின் மொழியுறவு பேசும் ஆய்வேடு எதுவாயினும், கடன்சொற்களை முதலில் நீக்கியதா, ஒலியொழுங்கைப் பல சொற்களில் காட்டியதா, ஒவ்வாத கூறுகளையும் எண்ணியதா என்னும் மூன்று வினாக்களை நெறியாளரும் தேர்வாளரும் எழுப்புதல் வேண்டும். இவற்றிற்கு விடையளிக்காத ஆய்வேட்டிற்குப் பட்டம் வழங்குவது அம்மாணவர்க்கும் தமிழுக்கும் இழைக்கும் தீங்காகும்.