பட்டாவில் ஒரு சொல்

தீபகற்ப மலேசியாவில் ஒரு பால்மரத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாவதற்கு முதலில் மாறவேண்டியது மரமன்று. நிலப்பட்டாவில் உள்ள ஒரு சொல். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூவகைப்படுத்துகிறது. வகையை மாற்றித் தருமாறு 124ஆம் பிரிவின்கீழ் உடைமையாளர் விண்ணப்பிப்பார். மாநில அரசு இசைவளிக்கும். லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்வோரை வினவுமாறு அப்பிரிவு கூறவில்லை. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமோ, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களில் பக்கத்து நிலத்தின் உடைமையாளருக்கு அறிவிக்கச் சொல்கிறது. பக்கத்து நிலத்தாருக்கு உள்ள மதிப்பு அந்நிலத்திலேயே பிறந்தவனுக்கு இல்லை!

ஆகவே 124ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். தோட்ட நிலத்தின் வகை மாறுமுன் தொழிலாளர் மனைகளும் பள்ளி நிலமும் கோயில் நிலமும் தனிப்பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டாக வேண்டும்.

நிலம் மாநிலத்துக்குரியது, நாடாளுமன்றம் தலையிடலாகாது என்பர் சிலர். இது வெறுஞ்சாக்கு. நிலச் சட்டங்களை ஒருசீராக்க அரசியலமைப்பின் 76(4)ஆம் விதி இடமளிக்கிறது. தேசிய நிலச் சட்டமே அவ்வழியில் பிறந்ததுதான். 1950களில் தோட்டத் துண்டாடல் தொழிலாளரை வீதிக்கு விரட்டியது. அதற்கு எதிராகத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் அதே சட்டத்தில் 214ஏ பிரிவு புகுந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தோட்ட நில வாரியத்தின் இசைவு தேவையாயிற்று. விற்பனைக்குப் போட முடிந்த கடிவாளத்தை வகைமாற்றத்துக்குப் போட முடியாதா?

இழப்பீடுதான் உண்டே என்பது மற்றொரு வாதம். 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பயன் விதிகள் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பணிக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம் தருகின்றன. முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் கூலி. அது உழைப்பின் கணக்கு. வீட்டின் கணக்கு அதில் எங்கே?

ஆசிரியர்கள் கருதவேண்டியது பள்ளியின் நிலை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுச் சிறுவர் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்துமாறு முதலாளியைப் பணித்தது. நிலத்தைப் பள்ளிக்கு எழுதித் தருமாறு பணிக்கவில்லை. பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பகுதி உதவிபெறும் பள்ளிகளாகவே இருப்பதற்கு வேர் அங்கேதான் உள்ளது. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. பள்ளி நிற்கும் மண்ணோ பிறருடையது. அம்மண்ணுக்குத் தனிப்பட்டா கேட்கவேண்டிய வேளை, வகைமாற்ற விண்ணப்பம் நில அலுவலகத்தில் கிடக்கும் வேளையே. கையொப்பம் விழுந்தபின் பேச்சு நடத்தவேண்டிய ஆள் வீடமைப்பு நிறுவனத்தார்.