வாடகைக் கொப்பியும் பொடியனின் போனும்

கல்முனைப் பஸாரில் வாப்பா விட்டுச்சென்ற கடை அறைகள் ஆறு என் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றின் வாடகைக் கணக்கு 2004 டிசம்பர் 26ஆம் திகதி வரை ஒரு சீ.ஆர். கொப்பியில்தான் இருந்தது. அன்று கடல் வந்தபோது கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டோடு அந்தக் கொப்பியும் போயிற்று. யார் யார் எவ்வளவு முற்பணம் தந்தார்கள் என்பதை வாடகைக்காரர்களிடமே கேட்டு மீண்டும் எழுதினேன். ஐந்து பேர் சொன்னதில் சந்தேகமில்லை. ஆறாமவர் சொன்ன தொகை கூடுதலாகப் பட்டது. மறுக்க என் கையில் எழுத்து இல்லை. அவர் அறையை விட்டபோது சொன்னபடியே எண்ணிக் கொடுத்தேன்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமது மார்க்கம் எவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நானும் எழுதித்தான் வைத்தேன். ஒரே கொப்பியில் வைத்ததுதான் பிழை.

பிறகு கொழும்பில் ஒரு கம்பனியிடம் காசு கொடுத்து மென்பொருள் வாங்கினேன். அது தொடர்மாடி வீடுகளுக்காகச் செய்யப்பட்டது. முதலாம் திகதியே முழு வாடகையும் வந்துவிடும் என்பது அதன் நினைப்பு. நம்ம பஸாரில் அப்படி யார் தருகிறார்கள்? ஐந்தாம் திகதி பாதி வரும், மீதி நெல் வெட்டிய காசு கைக்கு வந்த பிறகு. பெருநாளுக்குச் சரக்கெடுக்க வேண்டும் என்றால் இரண்டு மாதம் தள்ளிப்போகும். அதை எழுத அந்த மென்பொருளில் இடமே இல்லை. ஆறு மாதத்தில் கணனியை மூடித் துணி போட்டுவிட்டேன்.

மாற்றம் வேறு வழியால் வந்தது. ஏ.எல். எழுதிவிட்டு நம்ம கடையில் சாமான் எடுத்துக் கொடுக்க நின்ற பொடியன், "ஹாஜியார், இதை நான் போனிலேயே செய்து தரட்டுமா?" என்று கேட்டான். கூகுள் ஷீட்டில் அறைக்கொரு பக்கம் போட்டான். வாடகை துண்டு துண்டாக வந்தால் துண்டு துண்டாகவே ஏறும், மீதி தானாகக் கணக்காகும். வங்கியில் போட்ட சீட்டை வாடகைக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பினால் தமிழில் பற்றுச்சீட்டு அவருக்குப் போகும். சோலைவரி கட்டும் நாள் வருமுன் என் போன் மணியடிக்கும். மென்பொருளுக்கென்று ஒரு சதமும் செலவில்லை. கம்பனிக்குத் தெரியாத நமது வாடகைக்காரர்களின் போக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. வாடகை வாங்க வெயிலில் நடந்தவன் அவன்தானே.

பொத்துவில் அறுகம்பேயில் இதை இன்னும் பெரிதாகப் பார்க்கலாம். ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை நீர்ச்சறுக்கலுக்கு வெளிநாட்டார் வரும் காலம். விடுதி முதலாளிமார் பலர் நம் வயதுக்காரர். ஆனால் புக்கிங்.கொம்மையும் ஏயார்பிஎன்பியையும் கையில் வைத்திருப்பது வரவேற்பில் நிற்கும் இளம் பிள்ளைகள். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல், ஒரு தளத்தில் போன நாளை மற்றதிலும் மூட இரண்டு நாட்காட்டிகளையும் இணைத்து வைப்பது அவர்கள். ஐரோப்பாவிலிருந்து கேள்வி வரும் நேரம் இங்கே நடுச்சாமம். எழும்பிப் பதில் போடுவதும் அவர்கள்தான். அந்தத் தளங்கள் 15 வீதமளவில் தரகு எடுத்தால் நாம் முணுமுணுத்துக்கொண்டு கொடுக்கிறோம். இந்தப் பிள்ளைக்கோ ரூம் போய் சம்பளம்.

ஊரைச் சொல்லி என்ன, நான் செய்ததும் அதுதான். மூட்டை தூக்குபவருக்குக் கொடுத்ததையே என் பொடியனுக்கும் கொடுத்தேன். ஒரு நாள் கட்டார் போகிறேன் என்று சலாம் சொல்லி நின்றான். போய் இரண்டு வாரத்தில் ஷீட் திறக்கவில்லை. கடைப் போனில் போட்டிருந்தது அவனுடைய சொந்த ஜீமெயில். அங்கே புதுப் போன் வாங்கிக் கடவுச்சொல்லை மாற்றியதும் இங்கே எல்லாம் மூடிக்கொண்டது. பதினொரு நாள் எனக்கு மறுபடியும் 2004. நல்ல பிள்ளை, விசயம் தெரிந்ததும் டோஹாவிலிருந்தே எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றித் தந்தான். தராமல் விட்டிருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது கடையின் பெயரில் தனி மின்னஞ்சல், அதற்கு என் தொலைபேசி இலக்கம். மாத முடிவில் ஒரு பிரதி அச்செடுத்துப் பெட்டகத்துக்குள் போகிறது.

பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. வட்ஸ்அப்பில் "ஓகே" போட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். 2006இல் வந்த மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டமும் அசையாச் சொத்து விற்பனை, கைமாற்று ஒப்பந்தங்களை வெளியில்தான் விட்டிருக்கிறது. கணக்கு போனில் இருக்கட்டும், உறுதியும் குத்தகை எழுத்தும் கடதாசியில்தான் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியது நாம்.

இப்போது அந்த வேலையைப் பார்ப்பது என் தங்கச்சியின் மகள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்தவள், வீட்டிலிருந்தே செய்கிறாள். "சம்பளத்தை முதலில் பேசுவோம் மாமா" என்றாள். பொடியனுக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு கேட்டாள். நான் பேரம் பேசவில்லை.